எத்திராஜ்

கிராஞ்சியில் ஒரு தகரக் கொட்டகை.
உள்ளே மூன்றாம் வகுப்புப் பெட்டி ஒன்று
பன்னிரண்டு மீட்டர் தண்டவாளத்தின் மேல் நிற்கிறது.
அதற்கு அப்பால் தண்டவாளம் இல்லை,
லாலாங் புல்தான்.

வார நாட்களில் நான்
தோ பாயோவில் பல் மருத்துவரின் உதவியாளர்.
முனை மழுங்கி, வீச எடுத்துவைத்த
காறை சுரண்டும் கொக்கிகளைச்
சனிக்கிழமை இங்கே கொண்டுவருவேன்.
திருகாணித் தலையில் இறுகிய வர்ணத்துக்கு
அதைவிட நல்ல கருவி கிடையாது.
பழுப்பு. சுரண்டினால் பச்சை. அதன் கீழ் பாலேட்டு நிறம்.
அதற்கும் கீழே மறுபடி பழுப்பு.
எந்தப் பழுப்புக்குத் திரும்புவது என்று
டெஸ்மண்ட் டிக்ரூஸும் ஹுய் மின்னும்
மூன்று வாரமாகப் பேசிக்கொள்வதில்லை.

பக்கச் சுவரைக் கழற்றியபோது
பலகைகளின் வரிசை மறக்காமலிருக்க
ஒட்டுத்தாளில் எழுதி ஒட்டினோம்.
ஓர் இரவு கூரை ஒழுகியது.
காலையில் ஒன்பது பலகை,
தரையில் மஞ்சள் கூழ்.

சுல்கிஃப்லி ஒன்றைத் திருப்பிப் பார்த்துவிட்டு
"இது உங்கள் எழுத்துதானே" என்றார்.
உளியால் கீறிய எ.
இன்னொன்றில் அ. பிறகு உ. பிறகு க.
மற்றவற்றைக் கறையான் தின்றிருந்தது.
அங்கே தமிழ் தெரிந்தவள் நான் ஒருத்தி,
சாதாரண நிலைத் தேர்வில் பி3.
தயங்கவே இல்லை.
தச்சர்களின் பெயர், முதலெழுத்து என்றேன்:
எத்திராஜ், அடைக்கலம், உலகநாதன், கதிரேசன்.

எத்திராஜுக்கு மணமாகியிருந்ததா
என்று ஹுய் மின் கேட்டாள்.
கீறலின் ஆழத்தைப் பார்த்துவிட்டு
முன்கோபி என்றேன். மீசை வைத்தேன்.
பள்ளிப் பிள்ளைகள் பார்க்க வந்த நாளில்
டெஸ்மண்ட் அவரைத் தஞ்சோங் பகாரில் குடியமர்த்தினார்.
பலகைகளை அகர வரிசையில் பூட்டினோம்.
அது என் யோசனை.

கதவு மட்டும் மூடவில்லை,
இரண்டு விரல் இடைவெளி.
சுல்கிஃப்லி இழைப்புளியால் சீவினார்.
அப்போதும் மூடவில்லை.
குடித்துவிட்டு அளந்திருப்பான்
என்று எத்திராஜைத் திட்டினோம்,
கோப்பி ஓ உறிஞ்சியபடி.

அக்டோபரில் ஒரு பிற்பகல் இடிமின்னல் எச்சரிக்கை.
இரும்பு ஏணியை விட்டு எல்லாரும் இறங்கிவிட்டார்கள்.
சும்மா இருக்க முடியாமல்
பெட்டிக்குள் மல்லாந்து படுத்து
கைவிளக்கைப் பல்லில் கடித்துக்கொண்டு
சுவரைத் தாங்கும் சட்டத்தின் கரியைச் சுரண்டினேன்.
க.
ஒரு முழம் தள்ளி, உ.
அடுத்து எந்தப் பெயருக்கும் வராத ஒரு சுழி: ௩.
அடுத்தது ௪.
கைத்தொலைபேசியில் தேட அரை நிமிடம்கூட ஆகவில்லை.

எ என்றால் ஏழு.
அ என்றால் எட்டு.

மழை கொட்டகையை அடித்து நொறுக்கிக்கொண்டிருந்தது.
எழுந்திருக்கவில்லை நான்.
மீசை போயிற்று. முன்கோபம் போயிற்று.
தஞ்சோங் பகார் வீடு காலி.

சொன்னேன். டெஸ்மண்ட் இருமல் வரும்வரை சிரித்தார்.
சுல்கிஃப்லி, தான் சீவிய விளிம்பைத் தடவிப் பார்த்தார்.
ஹுய் மின் சிரிக்கவில்லை.
"அப்படியானால் யார்தான்?" என்றாள்.
தெரியாது.
எண்ணத் தெரிந்த ஒருவர்.
தன் மொழியில் எண்ணினால் போதுமென்று இருந்தவர்.

ஆறு சனிக்கிழமைகளின் திருகாணிகளை
இரண்டு சனிக்கிழமைகளில் கழற்றினோம்.
முதலில் நின்ற அ எட்டாவதாகப் போயிற்று.
கடைசியில் நின்ற க முதலுக்கு வந்தது.
கதவை யாரும் தள்ளவில்லை,
சுல்கிஃப்லி விட்டதும் தானே போய்
டொக் என்று உட்கார்ந்தது.
சீவிய இடத்தில் மட்டும்
ஒரு நூல் வெளிச்சம்.
அதை அடைக்க வேண்டாம் என்றார்கள்
டெஸ்மண்டும் ஹுய் மின்னும்,
ஒரே நேரத்தில்.

திங்கட்கிழமை.
சாய்ந்த நாற்காலியில் யாரோ வாயைத் திறந்திருக்க
"மேல் இடது, ஏழு" என்றார் டாக்டர் லோ.
கையிலிருந்த துண்டுத்தாளில் குறித்தேன்.
அவர் எட்டிப் பார்த்தார்.
"இதென்ன?"

எத்திராஜ், என்றேன்.