காட்டுக் கிளுவை

பன்னிரண்டு நாள் குடும்பிமலைப் பட்டியில் நின்று
இறங்கி வந்தான் என் மனிசன்.
தோய்க்கச் சேட்டைக் கையில் எடுத்தேன்.
"தண்ணியில போட்டிராத புள்ள!"
படலைக்கு வெளியே காத்தான்குடி அத்தர்காரர், புஹாரி.

காட்டுக் கிளுவையில் கழுத்துச் சொறியும் எங்கள் எருமைகள்.
கொம்படியில், காதுமயிரில்
காய்ந்து கறுத்த மரப்பால்.
சிரட்டை விளிம்பால் சுரண்டினார்.
பேன் பார்க்கத் தலை கொடுத்த பிள்ளையாய்
அசையாமல் நின்றாள் கட்டைக்கொம்பி.

நகைத் தராசில்
நாற்பத்தொரு கிராம்.
சேட்டுக்கு வேறாக நூறு ரூபாய்.

அன்றிரவு அவன்
சவர்க்காரம் மணக்கப் படுத்திருந்தான்,
யார் வீட்டுக்கோ வந்த ஆளைப்போல.
மாங்காயும் கற்பூரமும் கலந்த அந்த நெடி இல்லாமல்
எனக்கு நித்திரை பிடிக்கவில்லை.
சொல்லவும் இல்லை.

பெருநாள் கழிந்து புஹாரி ஒரு குப்பி தந்தார்.
சுண்டுவிரல் உயரம். லேபிளில் ஒட்டகம்.
எருமையை எங்கே காணோம் என்றேன்.
சிரித்தார்.

விடியற்புறம் ஒரு சொட்டு
கழுத்தில் தேய்த்துக்கொண்டு கறக்கப் போனேன்.
அவன் இன்னும் எழும்பவில்லை.
கட்டைக்கொம்பி என்னை மோந்தாள்.
தும்மினாள்.
பிறகு முழுப் பாரத்தையும் என்மேல் சாய்த்துச்
சொறியத் தொடங்கினாள்.

செம்பு கவிழ்ந்தது.