இரண்டாம் பாகம்

முதலாம் பாகம் எவரிடமும் இருக்கவில்லை.
நளீம் நானாவின் மச்சான் கப்பலில் போய்
கோபேயில் பழைய சாமான் கடையொன்றில்
சாம்பல் நிறப் பெட்டி வாங்க, கூடவே சும்மா கொடுத்த தட்டு.
உறையில் ஓர் இரும்பு மனிதன்.
அவன் காலடியில்
எங்களுக்கு வாசிக்கத் தெரிந்த ஒரே எழுத்து:
2.

ஜப்பானிலிருந்து திருகோணமலைக்கு
முதலில் குண்டு வந்தது, பிறகு சிமெந்து,
மூன்றாவதாக இது என்பார் நானா,
அரை மணிக்குப் பத்து ரூபாயை லாச்சியில் போட்டபடி.

காந்தன் விளையாடுவான். நான் கீறுவேன்.
என்னிடம் பத்து ரூபா இருந்ததில்லை,
சதுரக் கொப்பி இருந்தது.

நிலத்துக்கடியில் ஒரு கட்டடம்.
ஒரே மாதிரிச் சுவர், ஒரே மாதிரி மூலை.
அவன் நடந்தால் திரையே குலுங்கும்.
திரும்பச் சொன்னால்
மூதூர் லோஞ்ச் திரும்புவதுபோல் யோசித்துத் திரும்பும்.
நடுவில் எப்போதும் துப்பாக்கி,
அதன் பின்பக்கம்.

அதுவரை நாங்கள் துப்பாக்கியை
வாய்ப்பக்கமிருந்துதான் பார்த்திருந்தோம்.
பின்பக்கம் இவ்வளவு அமைதியாக இருக்கும் என்று
எவரும் சொன்னதில்லை.

மெமரி கார்ட் கிடையாது.
கரண்ட் போனால் மறுபடி முதல் தளம், முதல் கதவு.
கரண்ட் தினமும் போனது.
ஆகவே ஆட்டத்தின் ஞாபகமெல்லாம் என் கொப்பியில்:
சிவப்புக் கதவுக்குச் சிவப்பு அட்டை.
புள்ளி போட்ட இடத்தில் கூரையிலிருந்து சுடும்.
சூலத்தின்மேல் சூலம், பக்கத்தில் வெறும் சதுரம்,
அந்த எழுத்தைக் கண்டால் ஓடு,
அதுதான் வெளியே போகும் வழி.

ஒரு வெள்ளிக்கிழமை, அநுராதபுரச் சந்திச் சென்றியில்
பையைக் கொட்டச் சொன்னார்கள்.
சாப்பாட்டுப் பெட்டி. அடிமட்டம். கொப்பி.
ஒருவன் புரட்டினான். நின்றான். இன்னொருவனைக் கூப்பிட்டான்.
நான்கு தளம். சுரங்கப் பாதைகள்.
சிவப்பு மையில், ‘இங்கே ஆறு பேர்’.
எவனுக்கும் புரியாத ரகசிய எழுத்து.

“கேம்” என்றான் காந்தன். “கேம், சேர்.”
அந்தச் சொல்லை அவ்வளவு மெதுவாக
அவன் சொல்லி நான் கேட்டதில்லை.

ஜும்மா முடிந்து தொப்பியையும் கழற்றாமல்
துவாயில் சுற்றிய பெட்டியோடு நானா வந்தார்.
மணல் மூட்டைகளுக்குள் ஒரு குட்டி ரிவி,
அவர்கள் கிரிக்கெட் பார்ப்பது.
சொருகினார்கள்.
இரும்பு மனிதன் எழுந்தான்.

பெரியவன் கொப்பியைப் பிடித்தான், இளையவன் கொன்ட்ரோலரை.
நானும் காந்தனும் முழங்காலில்.
இடது என்றது கொப்பி. இடது இருந்தது.
சிவப்பு என்றது. சிவப்பு.
ஒவ்வொரு மூலையிலும் கொஞ்சம் கொஞ்சமாக
நான் நிரபராதியாகிக்கொண்டு வந்தேன்.

மூன்றாம் தளம், கூரைப் புள்ளி. அவன் நிமிரவில்லை.
“உட!” என்று கத்திவிட்டேன்,
மேலே என்பதற்கு எனக்குத் தெரிந்த சிங்களம்.
நிமிர்ந்தான். சுட்டான். தப்பினான்.
சிரித்தபோது தெரிந்தது,
என்னைவிட நாலைந்து வயதுதான் கூட இருக்கும்.
அவனுடைய சொந்தத் துப்பாக்கி
சுவரில் சாய்ந்து வானத்தைப் பார்த்தது.

கரண்ட் போனது.

இருட்டில் ஐந்து பேர் மூச்சு விட்டோம்.
எல்லாம் முதல் தளத்துக்குப் போய்விட்டதென்று
எந்த மொழியிலும் சொல்லத் தேவைப்படவில்லை.

பெட்டியைத் தந்தார்கள். அடிமட்டத்தைத் தந்தார்கள்.
கொப்பியைத் தரவில்லை.

பிறகு அவ்வழியே போகும்போதெல்லாம்
என் ஐ.சி.யைப் புரட்டியபடி விரலால் கேட்பான்:
நான்கு? ஐந்து?
நான் கையை விரிப்பேன்.
கொப்பி உன்னிடம், என்ன கேட்கிறாய்.

மாசி மாதம், கரண்ட் போகாத ஓர் இரவில்
ஐந்தாம் தளம் திறந்தது.
மூலைகளே இல்லை. நீளமாக ஒரே பாதை,
கடைசியில் சூலத்தின்மேல் சூலம், சதுரம்.
புதுக் கொப்பியில் ஒரு நேர்கோடு போதுமாயிருந்தது.

விடிந்ததும் சந்திக்குப் போனேன்.
தூரத்திலிருந்தே ஐந்து விரலையும் விரித்து
உயர்த்திக் காட்டினேன்.

ஆள் மாறியிருந்தது.
புதியவன், மற்றக் கையையும்
உயர்த்தச் சொன்னான்.