இடதுபக்கம் கொஞ்சம் இழுக்கும்

லோ யாட் மாடியில் ஹஸிக் சொல்லியேதான் விற்றான்,
நல்ல சாமான், இடதுபக்கம் கொஞ்சம் இழுக்கும் என்று.
நாற்பது வெள்ளி. பேரம் பேசவில்லை.
எதுதான் ஒருபக்கம் இழுக்காமல் இருக்கிறது.

விளையாட்டில் வரும் அதற்குப் பெயர் கிடையாது.
நகத்தளவு வெள்ளை. காது மட்டும் நீளம்.
தும்பை என்று கூப்பிடுகிறேன்.
ஓடத் தெரியும், தாவத் தெரியும்,
அந்தரத்தில் ஒரே ஒருமுறை
காற்றை உதைத்து இன்னொரு தாவல்.
அவ்வளவுதான் அதன் சொத்து.

நான்கு நாளாக மணிப் பள்ளத்தாக்கில் நிற்கிறோம்.
கீழே இருட்டு. மேலே கத்தரிப்பூ வானம்.
நடுவில் வெண்கல மணிகள்,
எதில் தொங்குகின்றன என்று தெரியாமல்.
மிதித்தால் ஒலிக்கும். ஒலித்தால் விழும்.
விழுவதற்குள் அடுத்த மணியில் இருக்க வேண்டும்.

இருப்பதில்லை.

தும்பை விழும்போது அலறாது.
பொடிப்பொடியாய் உதிர்ந்து
இந்தக் கரையிலேயே மறுபடி முளைக்கும்,
காதை ஒருமுறை உதறிக்கொண்டு.
திரையின் மூலையில் எண் ஒன்று கூடும்:
நூற்று எழுபத்தாறு.

பகலில் வாகனக் காப்புறுதிக் கோரிக்கைகளைத் தட்டச்சு செய்கிறேன்.
விபத்து நேர்ந்தது எப்படி?
லாரி திடீரென்று திரும்பியது.
மழை கண்ணை மறைத்தது.
நாய் குறுக்கே வந்தது, பிறகு நாயைக் காணவில்லை.
ஒருவர்கூட எழுதியதில்லை
சீக்கிரம் தாவிவிட்டேன் என்று.

இத்தனை சாவில் ஒரு லாபம்.
விழுகிற அரை நொடியில்தான் பின்னால் இருப்பதைப் பார்க்கிறேன்.
விருட்டென்று ஓடும் நாணல்,
நாணலுக்குப் பின்னே மெதுவாய் ஒரு காடு,
காட்டுக்கும் பின்னே நகரவே நகராத மலை.
நூற்றுப் பன்னிரண்டில்
மலையில் ஒரு வீடு இருப்பது தெரிந்தது.
நூற்று நாற்பதில் அந்த வீட்டில் விளக்கு.
யாரோ மெனக்கெட்டு வரைந்திருக்கிறார்கள்,
விழுகிறவர்கள் மட்டும் பார்க்கட்டும் என்று.

பதினொன்றுக்கு ஜீவராணி மருத்துவமனையிலிருந்து வருகிறாள்,
தாப்பாவ் பொட்டலத்தில் மீ கோரெங் மணக்க.
"இன்னும் அதே எடமா லா?"
அதே இடம்தான்.
ஏழாவது மணிவரை போய்விட்டேன் என்று சொல்லவில்லை.
சொன்னால் மொத்தம் எத்தனை என்பாள்.
பதினான்கு.

ஓர் அறைதான். அவள் தூங்க வேண்டும்.
அதனால் மூன்று நாளும் சத்தத்தை அணைத்தே ஆடினேன்.
இன்று அவளுடைய இயர்போனை எடுத்து மாட்டிக்கொண்டேன்.
அப்போதுதான் உறைத்தது,
மணிகள் தம் இஷ்டத்துக்கு விழவில்லை.
மூன்று, நான்கு. மூன்று, நான்கு.
தகிட தகதிமி.
கட்டணம் கட்ட முடியாமல் செந்தூலில் பாதியில் நின்ற
மிருதங்க வகுப்பு
இத்தனை வருடம் என் விரலுக்குள் பதுங்கியிருந்திருக்கிறது.

உடனே கடந்துவிட்டேன் என்றுதானே நினைக்கிறீர்கள்?
இன்னும் முப்பத்தொரு சாவு.
தாளம் தெரிந்தவளையும் இடதுபக்கம் இழுத்தது.
ஒவ்வொரு தாவலிலும் ஒரு மயிரிழை வலது கூட்டி,
கட்டைவிரலில் கொப்புளம் வந்து, உடைந்து,
பிளாஸ்டர் வழுக்கி, அதைப் பிய்த்தெறிந்து

தகிட
தகதிமி
தகிட
தகதிமி

கரை.

பின்னால் ஒரு மணி மிச்சமில்லை.
புல்லில் நின்று தும்பை காதை உதறுகிறது.
இங்கிருந்து மலை தெரியவில்லை.
பின்னோக்கி நடத்திப் பார்த்தேன். பாறை.
வீட்டில் விளக்கு எரிகிறதா,
இனி எப்படித் தெரிந்துகொள்வது?
"ஜீவா," என்றேன். குறட்டை.

காலையில் செந்தூல் தீமோரில் ரயிலேறினேன்.
ஜன்னலில் தூண்கள் பறந்தன.
அவற்றுக்குப் பின்னே துணி காயும் அடுக்குமாடிகள் நடந்தன.
அதற்கும் பின்னே, மூட்டத்தில்,
இரட்டைக் கோபுரம் நகரவே இல்லை.
வளைவில் எல்லோரும் ஒருசேர இடப்பக்கம் சாய,
நான் மட்டும் ஒரு மயிரிழை வலதில்,
கம்பியைப் பிடிக்காமல்,
கட்டைவிரலைச் சப்பிக்கொண்டு.