ஏழு பங்கு

கிளீவ்லாந்தில் எனக்கொரு வீடு இருக்கிறது.
அமெரிக்காவுக்கு நான் போனதில்லை.
ஜாக்ரெபில் டிராம் ஓட்டுகிறேன்.
மிஹாலியேவட்ஸ் முனையத்தில் வண்டி திரும்பப்
பதினொரு நிமிடம் ஆகும்.
அந்தப் பதினொரு நிமிடத்தில் ஒருநாள்
கிரிப்டோ காசு கொடுத்து வாங்கிய வீடு.

மொத்தம் ஆயிரம் பங்கு. எனக்கு ஏழு.
பழங்கணக்கில் இரண்டு முந்திரிக்குச் சற்று மேல்.
சதுர அடியில் ஏழே முக்காலுக்கு ஒரு மயிரிழை குறைவு.
ஒரு நாற்காலி போடலாம்.
காலை நீட்டினால்
குரிச்சிபாவில் இருக்கும் பல் மருத்துவர் ஒருவரின்
பங்கில் படும்.

பங்காளிகள் முன்னூற்றுப் பதினொரு பேர்.
வரப்புத் தகராறு இல்லை,
ஒருவர் செத்தால் இன்னொருவருக்குத் தீட்டு இல்லை.
சைபரில் தொடங்கும் ஒரு நீண்ட எண்தான்
எங்கள் ஒவ்வொருவருக்கும் முகம்.

திங்கள்தோறும் வாடகை வரும்,
ஒரு டாலர் பன்னிரண்டு சென்ட்,
கையில் விழாத, சத்தம் போடாத நாணயம்.
"வீட்டுக்காரரே,
இன்றைக்கு ரொட்டி உங்கள் செலவா?" என்பாள் யாட்ராங்கா.

வீட்டின் படம் ஒன்று உண்டு.
முன்வாசலில் நீல நிறப் பிளாஸ்டிக் தொட்டி,
பாதி தண்ணீர், அதில் மிதக்கும் ஒரு செருப்பு.
படத்தில் எப்போதும் ஜூலை.
கீழே விவரம்:
ஜன்னல்: பதினான்கு.
கூரை: நல்ல நிலை.
குடியிருப்பவர்: உண்டு.

ஜனவரியில் அந்த 'உண்டு' எழுதியது.

"என் பெயர் ரெனீட்டா கோல்பி.
பங்கு உள்ளவர்தான் தீர்மானம் கொண்டுவரலாம் என்றார்கள்.
ஐம்பத்திரண்டு டாலருக்கு ஒன்று வாங்கிவிட்டேன்.
ஒன்பதாம் தேதியிலிருந்து ஹீட்டர் செத்துக் கிடக்கிறது.
ஓவன் கதவைத் திறந்துவைத்து
அதன் முன்னால் தூங்குகிறோம்.
புதிதுக்கு மூவாயிரத்து எண்ணூறு ஆகுமாம்.
தயவுசெய்"

எழுத்துகளின் வரம்பு அங்கே முடிந்திருந்தது.

தீர்மானம் நிறைவேறினால்
இருபத்துநாலு வாரம் யாருக்கும் வாடகை கிடையாது.
இருக்கட்டும் என்றுதான் நினைத்தேன். சத்தியமாக.
ஆனால் ஓட்டுப் போடவும் கட்டணம் உண்டு.
அந்தக் கட்டணத்துக்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் கேஸ்.
சிரிக்காதீர்கள்.
அன்றிரவு கேஸ் பதினொரு டாலர்,
என் பத்து வார வாடகை.
விடிவதற்குள் இறங்கிவிடும், எப்போதும் இறங்கும்.
ஐந்து மணிக்கு அலாரம் வைத்தேன்.

இறங்கித்தான் இருந்தது. இரண்டு டாலர் நாற்பது.
வாக்கெடுப்பு நான்கு மணிக்கே முடிந்திருந்தது.
பாதிப் பங்குகூடப் பதிவாகவில்லை,
ஆகவே செல்லாது.
எத்தனை பங்கு குறைந்தது என்று பார்த்தேன்.
யாட்ராங்காவிடம் சொல்லவில்லை.
உங்களிடமும் சொல்வதற்கில்லை.

திங்கட்கிழமை வாடகை வந்தது, நிமிடம் பிசகாமல்.
அவளுக்கும் போயிருக்கும் பதினாறு சென்ட்,
அவள் கொடுத்ததிலிருந்தே.

இங்கும் இப்போது பனி.
என் காலடியில் ஒரு ஹீட்டர் இருக்கிறது,
இடது பாதத்தைச் சுடும், வலதை மறந்துவிடும்.
ரெனீட்டா மறுபடி எழுதியிருக்கிறாள்,
இம்முறை இரண்டு பங்கோடு.
தயவுசெய்து என்ற சொல் இல்லை.
எழுத இடம் மிச்சம் இருந்தும் இல்லை.

இன்று கேஸ் பதினான்கு.
'உறுதியா?' என்கிறது திரை.
பின்வாசலில் ஏறிய பெண் கத்துகிறாள்,
கதவை மூடுங்கள், குளிர்கிறது.
ஒரு நிமிடம் அம்மா, ஒரே நிமிடம்.
கையுறையை இந்தத் திரைக்குத் தெரியாது.
பல்லால் கடித்து இழுக்கிறேன்,
கட்டைவிரல் வெளியே வரட்டும்.