எட்டு மணிக்காரி

ஒஹையோ மாநிலம், பார்மா.
ஒரு டாலர் கடைக்கும் சலவைக் கடைக்கும் நடுவே
எங்கள் டயாலிசிஸ் மையம்.
கடைசி ஷிஃப்ட் ஐந்தரைக்கு. பன்னிரண்டு நாற்காலி,
கூரையிலிருந்து தொங்கும் ஒரே பெரிய டிவி.
எட்டு மணிக்கு ரோவன் டெல்ஃபோர்ட் வருவாள்.
அதற்குள் எல்லோருக்கும் ஒருமுறை
பிரஷர் பார்த்து முடித்துவிடுவேன்.
அவள் பேசும்போது பட்டை சுற்றினால்
கையைக் கொடுக்க மாட்டார்கள்.

பனி கொட்டிய ஒரு திங்கட்கிழமை
"அடுத்த வாரம் முதல் பிற்பகல் இரண்டு மணிக்குச் சந்திப்போம்"
என்றாள். சிரித்தாள்.
சிரிப்பு முகத்தில் ஒட்டவில்லை.

ஊசியோடு கிடப்பவர்கள் எழுந்து கத்த முடியாது.
கையை அசைத்தாலே இயந்திரம் அலறும்.
அலறியது. மூன்று ஒரே சமயத்தில்.
ஓடி ஓடி அணைத்தேன்.

வெல்டராக இருந்த ஸ்தானிஸ்லாவ்:
"பதினொரு வருஷம்!
என் முதல் மனைவிகூட அத்தனை நாள்
எட்டு மணிக்கு வீட்டில் இருந்ததில்லை."

பள்ளிப் பேருந்து ஓட்டிய டெல்ஃபீன்:
"வயசாச்சுன்னு ஓரங்கட்டிட்டான்.
ஐம்பத்து மூணெல்லாம் ஒரு வயசா?"

மூலை நாற்காலி ஹாங்க்
அவளைத் திட்டுவதற்கென்றே பார்த்தவர்,
அவள் வாயைத் திறக்குமுன் 'பொய்' என்பவர்,
அன்று எதுவும் சொல்லவில்லை.
பட்டை சுற்றிப் பார்த்தேன்.
நூற்றி எண்பத்தாறு.

டெல்ஃபீன் ஊசியில்லாத கையால்
சேனலுக்கு போன் போட்டாள்.
உங்கள் அழைப்பு எங்களுக்கு முக்கியம்,
தயவுசெய்து காத்திருங்கள்.
"எனக்கு இன்னும் ரெண்டு மணி நாற்பது நிமிஷம் இருக்கு,
நீ பாடு" என்றாள் அந்த இசையிடம்.

எட்டு மணிக்கு வந்த புதுப் பையன்
நான்கு பேரை நான்கு கட்டத்தில் உட்காரவைத்து
எல்லோரையும்விட உரக்கப் பேசினான்.
மூன்றாம் நாள் அவன் சத்தத்தை நிறுத்தினோம்.
வாய் மட்டும் அசைந்தது. அது பரவாயில்லை.

ஸ்தானிஸ்லாவ் மேலாளரிடம் போனார்.
நண்பகல் ஷிஃப்டுக்கு மாற்றித் தரவேண்டுமாம்.
"நாற்காலி காலியானால் சொல்கிறேன்."
இங்கே நாற்காலி எப்படிக் காலியாகும் என்று
எல்லோருக்கும் தெரியும்.
சிலருக்குச் சிறுநீரகம் கிடைக்கும்.

மார்ச்சில் ஏழாம் எண் காலியானது.
அர்த்தூரோவுக்குச் சிறுநீரகம் கிடைக்கவில்லை.
அட்டையில் கையெழுத்திடும்போது ஸ்தானிஸ்லாவ் கேட்டார்:
"அவர் டிவி பார்ப்பாரா?"
"தூங்குவார்."
கொஞ்ச நேரம் பேனாவை வைத்துக்கொண்டிருந்தார்.
பிறகு எழுதினார், போலிஷில், நீளமாக.

இரண்டே வாரம். திரும்பி வந்து நின்றார்.
"வெயில் அடிக்குது, செங்.
ஜன்னல் வெளிச்சம் அவ முகத்து மேலேயே விழுது.
'குட் ஈவினிங்' சொல்ல மாட்டேங்கறா.
செய்தின்னா இருட்டின பிறகுதான்."
செங்கமலம் என்ற என் பெயரில்
இவர்களுக்கு வாய்க்குள் நுழைந்தது அவ்வளவுதான்.
அதற்குள் அவருடைய பழைய இடத்தில்
டைமெஸா என்ற இருபத்தாறு வயதுப் பெண்.
அவளுக்கு எந்தச் செய்தியும் வேண்டாம்.
காதில் ஏதோ மாட்டிக்கொண்டு கண்ணை மூடிவிடுவாள்.

"அந்த போலந்துக் கிழவன் எங்கே?" என்று
ஹாங்க் இரண்டு முறை கேட்டார்.
மூன்றாவது முறை,
"மத்தியானம் அவ என்ன பொய் சொன்னாளாம்,
கேட்டுச் சொல்லு" என்றார்.
கேட்டுச் சொல்கிறேன்.
செவ்வாய், வியாழன், சனி.
காகிதத் துண்டில் ஸ்தானிஸ்லாவ் எழுதித் தருகிறார்.
ஹாங்க் படித்துவிட்டு 'பொய்' என்கிறார்.
பிரஷர் நூற்றி நாற்பதுக்கு வந்திருக்கிறது.

நேற்று எனக்கு விடுமுறை.
குக்கரை ஏற்றிவிட்டு டிவி போட்டேன். மணி இரண்டு.
இத்தனை வருஷத்தில் அவள் முகத்தை
நான் முழுதாகப் பார்த்தது அன்றுதான்.
கண்ணுக்குக் கீழே லேசான வீக்கம்.
"உப்பைக் குறை, தாயே" என்றேன்.
அவள் வானிலைக்குப் போய்விட்டாள்.