ஆறாவது கட்டம்

பெயர், வந்த இடம், வந்த தேதி,
உபாதை, போன தேதி, காரணம்.
கோடு போட்டது நான்தான்.
பதினோரு வருடம் வங்கியில் கடன் பிரிவில் இருந்தவள்,
கட்டம் கட்டாமல் எதையும் நம்ப வராது.

தேச்சம்மாவுக்கு ஏடு வேண்டாம்.
கழுதையின் முதுகுத் தழும்பைத் தடவியே
எந்தச் செங்கல் சூளை என்று சொல்லிவிடுவாள்.

வரிசை எண் 14. பசு, பங்கஜா.
மடி வற்றியதும் சந்தைக்கு நடத்திப் போனார்கள்.
எங்கள் கேட்டுக்கு முன்னால் படுத்தது,
எழுந்திருக்க மறுத்துவிட்டது.

31. பந்தயக் குதிரை.
நீளமாக ஓர் ஆங்கிலப் பெயர் இருந்ததாம்;
தோற்ற பிறகு அப்படிக் கூப்பிட ஆளில்லை.
எங்களுக்கு அது கோதுமை.

47. ஆடு.
சில்க் போர்டு சந்திப்பில்
கறிக்கடை வண்டியிலிருந்து குதித்தது.
ஒரு கால் போயிற்று.
நெரிசலில் ஒரு சக்கரமும் நகராததால்
மிச்சம் மூன்று தப்பின.
பெங்களூரு டிராஃபிக்கால் உருப்பட்ட ஒரே ஜீவன் என்று
ஃபைரோஸ் 'சிக்னல்' என்று பெயர் வைத்தான்.
குதித்த சமர்த்து கடைசிவரை போகவில்லை.
என் காசோலைப் புத்தகத்தைக்கூடத் தின்றிருக்கிறது.

சனிக்கிழமைகளில் பங்காளிகள் வருவார்கள்,
பேகூரிலிருந்து, ஜிகணியிலிருந்து, இருபத்தேழு குடும்பம்.
சாணி மிதித்து, களை என்று கொத்தமல்லியைப் பிடுங்கி,
புழு முதலில் ருசி பார்த்த கீரையைக்
காசு கொடுத்து வாங்கிப் போவார்கள்.
மருந்தடிக்காத நிலம், எல்லா உயிருக்கும் பங்கு
என்று தகரப் பலகையில் எழுதி மாட்டியதும் அவர்கள்தான்.

ராகி அறுக்க நாலு நாள் இருந்தது.
காலையில் கொட்டகைத் தடுப்பு சாய்ந்து கிடந்தது.
பயிருக்குள் ஒரு பாதை,
ஆட்டை இழுத்துப்போன அகலத்துக்கு.
வேலிக்கு அப்பால் பன்னேர்கட்டா காடு,
ஒன்றும் நடக்காத மாதிரி.

சிறுத்தைதான் என்றார் வனத்துறைக்காரர்.
கூண்டு கொண்டுவரலாம், ஒரு கையெழுத்து போதும்.
அப்புறம், உள்ளே கட்ட ஓர் ஆடு வேண்டும்.
'உங்ககிட்டதான் நிறைய இருக்கே மேடம்,
வயசானதா ஒண்ணு குடுங்க.'

தேச்சம்மா சிரித்தாள்.
அப்படி ஒரு சிரிப்பை நான் கேட்டதில்லை,
நிற்கவே இல்லை அது.
அவர் தொப்பியைக் கழற்றி, மறுபடி போட்டுக்கொண்டார்.

உண்மையைச் சொல்கிறேன்.
பேனாவைத் திறந்தவள் நான்.
இன்னொரு ஆட்டின் முகத்தைத் தேடி
என் கண் கொட்டகைப் பக்கம் போனது.
எது என்றுகூட முடிவு செய்துவிட்டேன்.
அதன் பெயரை இங்கே எழுத மாட்டேன்.

கையெழுத்துப் போடவில்லை.
நல்ல மனசால் இல்லை, தேச்சம்மா பார்த்துக்கொண்டிருந்தாள்.

சனிக்கிழமை கூட்டத்தில் குரல்கள் உயர்ந்தன.
நாலு குடும்பம் பங்கைத் திருப்பிக் கேட்டது.
பலகையை ஒருவரும் நிமிர்ந்து பார்க்கவில்லை.
என் ஸ்கூட்டரை விற்றோம்;
கொட்டகைக்கு இரும்பு வலை, ஆளுயரக் கதவு.
ராத்திரி முறை போட்டு விழித்திருந்தோம்.
கோதுமை மட்டும் நின்றபடியே தூங்கியது.

மூன்று வாரம் அந்தக் கட்டம் காலியாகக் கிடந்தது.
மற்றவற்றுக்கு எழுதியிருக்கிறேன்:
மூப்பு. நிமோனியா. தத்து. மறுபடியும் மூப்பு.
சிறுத்தை என்று எழுதக் கை வரவில்லை,
அது பெயர், காரணம் ஆகாது.

நேற்று எழுதிவிட்டேன்.
பசி.
எழுதிய பிறகுதான் உறைத்தது,
சில்க் போர்டில் அந்த வண்டி நகர்ந்திருந்தாலும்
இதே சொல்தான்.

தேச்சம்மா தோளுக்கு மேலாக எட்டிப் படித்தாள்.
டார்ச்சுக்கு பேட்டரி வாங்கினாயா என்றாள்.
இல்லை, மறந்துவிட்டேன்.