இருநூற்றுப் பத்தோடு நின்ற கதை

ஈஸ்டர் வந்தால் எங்கள் நார்வேயில்
பனிச்சறுக்குக் கட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு
ஊரே மலையேறும்.
பையில் ஆரஞ்சு, சாக்லேட்,
மறக்காமல் ஒரு கொலை.

கொலை என்றால் புத்தகம்தான்.
வருஷம் முழுக்க வரிசையில் நின்று
வரி கட்டுகிற சாதுவான ஜனம் நாங்கள்.
இந்த ஐந்து நாள் மட்டும்
கம்பளிக் காலுறையோடு அடுப்பருகே உட்கார்ந்து
யாராவது சாகாவிட்டால் எங்களுக்குப் பொழுது போகாது.

இந்தத் தடவை நான் கொலையை வீட்டில் மறந்துவிட்டேன்.
எய்வின் கொண்டுவந்தது
வெப்பப் பம்பின் கையேடு.
வாடகைக் குடிலின் அலமாரியில்
ஈரத்தில் உப்பிப்போன ஒன்று கிடைத்தது.

பாடகர் குழுவை நடத்துகிறவர்
நீராவிக் குளியலறையில் செத்துக் கிடக்கிறார்.
ரத்தம் ஒரே ஒரு சொட்டு,
அதுவும் அடைப்புக்குறிக்குள்.
இன்ஸ்பெக்டர் வருகிறார், தப்பான ஆளைப் பிடிக்கிறார்,
இரண்டு வாஃபிள் தின்றுவிட்டுப் போகிறார்.
துப்புத் துலக்குவது தாக்னி.
கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவள்.
ஊரில் பாதிப் பேர் அவள் பக்கத்தில் உட்கார்ந்து
கியர் மாற்றத் திணறியவர்கள்.
'இண்டிகேட்டர் போடாமல் திரும்புகிறவனிடம்
கொஞ்சம் ஜாக்கிரதை' என்பாள்.
பொய்யைக் கேட்டால்
எந்த நாற்காலியில் இருந்தாலும்
அவள் வலது கால் தானாக
பிரேக்கைத் தேடும்.

எனக்கு அவளைப் பிடித்துப்போனது.

பதினேழாம் பக்க ஓரத்தில் பென்சில்:
"பல் டாக்டர்தான். பந்தயம். துரிட், 1998."
அடியில் வேறொரு கை:
"அவர் பாவம். விதவையைக் கவனியுங்கள்."
ஐம்பத்து மூன்றில் நீல மை:
"விதவைக்கு நீச்சலே தெரியாது, ஐயா!"
எழுபதில், ஒரு குழந்தை,
கோடு தாண்டும் பெரிய எழுத்தில்:
"நாய்."

இரவு பதினொன்று. வெளியே காற்று.
எல்லோரையும் வரவேற்பறையில் உட்காரவைத்து
தாக்னி எழுகிறாள்.
"இதைச் செய்தவர்," என்கிறாள், "அதோ அந்த"

அவ்வளவுதான்.
இருநூற்றுப் பத்து. அடுத்த தாள் இல்லை.
ஓரத்தில் ஆளுக்கொரு புலம்பல்:
"கடவுளே." "இது நியாயமா?"
"விடுமுறைக்கு ஆன செலவு யார் தருவார்?"

கிழித்த விளிம்பைத் தடவிப் பார்த்தேன்.
நகத்தால் மடித்து நிதானமாகக் கிழித்த கை.
"அடுப்புப் பற்றவைக்க எதை எடுத்தாய்?"
"பிர்ச் பட்டை," என்றான் எய்வின்,
பம்பிலிருந்து கண் எடுக்காமல்.
இண்டிகேட்டர் போடாத ஆள்தான். ஆனாலும் விட்டுவிட்டேன்,
நாங்கள் வந்ததே நேற்று.

விருந்தினர் பதிவேட்டைப் புரட்டினேன்.
2006: "அழகான இடம். மேசை ஆடுகிறது,
சூப் மடியில் கொட்டியது."
2007: "எல்லாம் அருமை."
2008: "எல்லாம் அருமை."
அதற்குப் பிறகு சூப்பைப் பற்றி
ஒருவரும் மூச்சு விடவில்லை.

என் வலது கால் தரையை அழுத்தியது.

குனிந்தேன், கைவிளக்கோடு.
மேசையின் நாலாவது காலடியில்
எட்டாக மடித்து, மஞ்சளாகி, தட்டையாகி,
கொலைகாரர் இத்தனை வருஷமாய்
எல்லோருடைய சூப்பையும் தாங்கிக்கொண்டிருந்தார்.

எய்வின் ஒரு முனையைத் தூக்கிப் பிடித்தான்.
ஆரஞ்சு உருண்டு கட்டிலடியில் போயிற்று.
அடுப்பு வெளிச்சத்தில் இருவரும் படித்தோம்,
அவன் என்னைவிட வேகமாக,
"அட," என்றான், கையேடு பிடித்த அதே முகத்தோடு,
"அந்த ஆள் தொடக்கத்திலேயே
கார் கண்ணாடியைத் திருப்பிவைத்தானே."

மறுபடி எட்டாக மடித்துச் செருகினோம்.
மேசை நின்றது.
இருநூற்றுப் பத்தின் அடியில் எழுதினேன்:
"சிந்தாமல் சூப் குடியுங்கள். ஏன் என்று யோசியுங்கள்."

பிறகு எழுபதாம் பக்கத்துக்குப் போய்
அந்த "நாய்"க்குக் கீழே, சின்னதாக:
"கிட்டத்தட்ட."